முதலாந்தாரம்

பிரதீஸ் கட்டவிருந்த முதல் பெண்டாட்டி, மெல்பேர்ன் பக்கத்துக் கிரான்பர்னிலிருந்து ஹீத்கோட்டுக்கு வருகிற வழியிலேயே வெயிலில் வெந்து செத்துப்போனாள். பதறாதேயுங்கோ, அவள் ஒரு வாழைக்கன்று. நாற்பத்துமூன்று பாகை வெயிலில், மூடாத யூட் வண்டியின் முதுகில் ஏற்றி, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நெடுஞ்சாலைக் காற்றில் ஓட்டிக்கொண்டு வந்தால் எந்த வாழைதான் பிழைக்கும்? ஓட்டிவந்தவன் மாப்பிள்ளையேதான். ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடுவோம் என்ற எண்ணம்கூட அந்த மனுசனுக்கு வரவில்லை. இரண்டாவது பெண்டாட்டியிலேயே மனம் முழுக்கக் கிடந்தால், முதலாவதுக்கு யார் தார்ப்பாய் போடுவார்?

விசயம் இதுதான். பிரதீஸின் சாதகத்தில் இரண்டு தாரம் என்று கிடக்கிறது. முதல் தாரம் தங்காது, இரண்டாவதுதான் நிலைக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்தே வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பிப் போய், அவனுக்கு முப்பத்தேழு வயதாகி, முன்மண்டையிலும் வெளிச்சம் விழத் தொடங்கிய நேரத்தில்தான் பிரவீணா கிடைத்தாள். சிட்னியில் வென்ட்வேர்த்வில்காரி, பரமற்றாவில் பல் வைத்தியர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி. அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற மற்றவள் பிரியந்தினி முன்னமே கல்யாணம் கட்டி ரொறன்ரோ போய்விட்டாள். பிரதீசும் பிரவீணாவும் மாதக்கணக்காகப் போனில் கதைத்தார்கள், இரண்டு தரம் சந்தித்தார்கள், பிடித்துப்போய்விட்டது. "அப்பா, இவளை விட்டா எனக்கு வேற ஒருத்தரும் வேண்டாம்" என்று அவன் சொன்னபோது தகப்பன் அருந்தவன் அப்போதே ஓமென்றுவிட்டார். அவன் அப்படி எதையும் கேட்டு அவர் கண்டதில்லை.

பிரவீணாவின் தாய் புஷ்பவல்லிக்கும் சம்மதம்தான். ஆனால் ஒரு பிடிவாதம். "என்ர பிள்ளை இரண்டாந்தாரமாத்தான் வருவாள்" என்று நின்றுகொண்டா. உலகத்தில் எந்தத் தாய் இப்படி அடம்பிடிப்பா, சொல்லுங்கோ! முதலில் ஒரு வாழைக்குத் தாலியைக் கட்டி, அந்த வாழையை வெட்டிச் சரித்துவிட்டால் முதல் தாரம் போன கணக்கு. பிறகு பிரவீணா இரண்டாவது, தோசம் கழிந்தது. ஊரிலும் செய்கிறதுதானே என்று அருந்தவனும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது அவருக்குத் தெரியாது, பாவம்.

அருந்தவனுக்கு ஹீத்கோட்டில் பதினொரு ஏக்கர் திராட்சைத் தோட்டமும், அதோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன வைன் கொட்டிலும் இருக்கின்றன. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மெல்பேர்னில் செய்த கணக்காளர் வேலையை எறிந்துவிட்டு, மனைவி கல்யாணியின் பேச்சையும் கேளாமல் வாங்கிய காணி. வாங்கும்போது அங்கே முழங்காலளவு காய்ந்த புல்லும், வேலியோரத்தில் ஒரேயொரு கிழட்டு ஷிராஸ் திராட்சைக் கொடியும் மட்டும்தான் நின்றன. விற்ற இத்தாலியன், அந்தக் கொடிக்குத் தன்னைவிட வயது என்று சொன்னான். அருந்தவன் ஒவ்வொரு குளிர்காலமும் அதிலே தடி வெட்டி, பதித்து, வேர் பிடிக்கவைத்து, வரிசை வரிசையாக முழுத் தோட்டத்தையும் உண்டாக்கினார். நஞ்சு அடிக்கவில்லை, மூட்டை உரம் போடவில்லை. குளிர்காலத்தில் புல்லை ஆடு மேயும், மிச்சத்தை அவரும் பிரதீசும் மண்வெட்டியால் செதுக்குவார்கள். இயற்கை விவசாயம் என்று போத்தலில் போட்டுக்கொள்கிறதுக்கு முதுகு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று போத்தலை வாங்குகிறவனுக்குத் தெரியாது.

அந்தக் கிழட்டுக் கொடிக்கு அவர் வைத்த பேர் பெரியவள். காலையில் கண் முழித்ததும், முகம்கூடக் கழுவாமல், நேரே போய் அவளின் அடித்தண்டில் கையை வைத்து நிற்பார். ஈரம் எப்படி, தோல் எப்படி, இரவு எப்படி என்று கேட்பார். அவள் என்ன சொன்னாளோ, தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்துதான் தேத்தண்ணி குடிப்பார். குசினி யன்னலுக்கு நேரே தெரிகிற இடம் அது. கல்யாணி தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பா.

சரி, வாழை செத்துப்போச்சு. ஐயர் மெல்பேர்னிலிருந்து வந்து இறங்கிவிட்டார். அவருக்கு அன்று கிரெய்கிபர்னில் இன்னும் இரண்டு வீடு குடிபூரல். கருகிய கன்றைப் பார்த்து, "தாலி ஏற முதலே பொம்பிளை போயிட்டா. இது கணக்கில வராது" என்றார். தை முடிய இரண்டு நாள்தான், இன்னொரு வாழைக்கு எங்கே போவது? "காய்க்கிற ஒண்டாயிருந்தாப் போதும். கொடியெண்டாலும் பரவாயில்லை" என்று ஐயரே வழியும் சொன்னார்.

அருந்தவனுக்கு உள்ளூரச் சந்தோசம். கடைசி வரிசையின் தொங்கலில், பாதி பட்டுப்போய், எப்படியும் பிடுங்க வைத்திருந்த ஒரு கொடி நின்றது. "அதுக்குக் கட்டச் சொல்லும்" என்று கல்யாணியிடம் கையால் திசையைக் காட்டிவிட்டு, பழுதாய்ப்போன தண்ணிப் பம்பைப் பார்க்க ஓடினார். மகனின் கல்யாணத்தைவிடப் பம்பு பெரிதா என்று கேட்காதேயுங்கோ, அந்த வெயிலில் பம்புதான் பெரிது.

பம்பு ஓடத் தொடங்கியது. கொட்டுமேளச் சத்தம் பிரதீஸின் போனிலிருந்து காற்றில் வந்தது. ஆனால் கடைசி வரிசைப் பக்கமிருந்து வரவில்லை, வேலிப் பக்கமிருந்து வந்தது. அருந்தவன் கையில் எண்ணெயோடு ஓடினார்.

பெரியவளின் கழுத்தில் மஞ்சள் கயிறு. நெற்றி எங்கே என்று கண்டுபிடித்தார்களோ தெரியாது, அங்கே குங்குமம். பக்கத்தில் பட்டு வேட்டியும் வியர்வையுமாகப் பிரதீஸ். ஐயர் மரம் அறுக்கிற கைவாளை எடுத்து நீட்டி, "நல்ல நேரம் முடிய முதல் வெட்டிச் சரியுங்கோ" என்றார்.

"ஆரையா இதுக்குக் கட்டச் சொன்னது!" என்று அருந்தவன் போட்ட சத்தத்தில் யூக்கலிப்டஸ் மரத்திலிருந்த வெள்ளைக் கிளிகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. கல்யாணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஐயருக்கு நேரம் போகுது" என்றா. அவ்வளவுதான். அருந்தவன் கைவாளைப் பறித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்று கிழமையில் அறுவடை, கொடி நிறையக் குலை, இப்போது வெட்டினால் அது கொலை என்றார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "எப்ப வெட்டினாலும் சரி. ஆனா வெட்டுமட்டும் உங்கட மகன் கல்யாணம் முடிச்ச ஆள். அதை மறக்கவேண்டாம்" என்று சொல்லித் தட்சணையோடு காரில் ஏறினார்.

இப்படித்தான் அந்த வீட்டுக்கு மருமகள் வந்து சேர்ந்தாள்.

கல்யாணி சும்மா இருந்தாவா? அடுத்த நாளே பெரியவளுக்கு ஒரு சிவப்பு நூல்சேலை சுற்றப்பட்டது. "கட்டின பொம்பிளை வெயிலுக்க உரிஞ்சுபோட்டு நிக்கேலாது" என்றா. வெள்ளிக்கிழமை பொங்கினால் ஒரு வாழையிலைத் துண்டில், அதுவும் கடையில் வாங்கின உறைந்த இலையில், ஒரு பிடி வேலியடிக்குப் போகும். மாமியார் கடமையை ஆரும் குறை சொல்லக்கூடாதாம். வைனை நாக்கிலும் வைத்துப் பார்க்காத மனுசி, இருபத்திரண்டு வருடத்தில் வேலிப் பக்கமே போகாத மனுசி, இப்போது நாளுக்கு மூன்று தரம் போய்வந்தா. பிரதீஸின் பாடு இன்னும் மோசம். அந்த வரிசையில் ட்ரக்டரை ஓட்டிப் போகும்போது அவனுக்குக் கழுத்தெல்லாம் சிவக்கும். சனி ஞாயிறில் வைன் சுவைக்க வருகிற வெள்ளைக்காரர் சேலை கட்டிய கொடியோடு நின்று படம் எடுத்தார்கள். இதுவும் இயற்கை விவசாய முறையோ என்று ஒரு கிழவர் மிக மரியாதையாகக் கேட்டார். பிரதீஸ் ஓம் என்றுவிட்டான். வேறு என்ன சொல்லுறது? இது என் மனைவி என்று அறிமுகப்படுத்தவா?

ஒவ்வொரு பின்னேரமும் சிட்னியிலிருந்து புஷ்பவல்லியின் போன் வரும். "வெட்டியாச்சோ அண்ணை?" அருந்தவன் ஒரு நாள் காற்று என்பார், ஒரு நாள் முழங்கால் உளைவு என்பார், ஒரு நாள் கைவாளைக் காணவில்லை என்பார். கைவாள் அவருடைய கட்டிலுக்குக் கீழேதான் கிடந்தது. பிரதீஸ் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போவான். அருந்தவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இஞ்சாலே பெற்ற பிள்ளை, அங்காலே பெரியவள். நாளைக்கு வெட்டுவோம் என்று படுப்பார், காலையில் போய்க் கையை வைப்பார், அதோடு சரி.

சாக்குப்போக்கெல்லாம் முடிந்த ஒரு சனிக்கிழமை புஷ்பவல்லியே மகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறி வந்துவிட்டா. விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த காரிலிருந்து இறங்கியவ வீட்டுக்குள் வரவில்லை. நேரே வேலியடிக்கு நடந்தா. மற்றவர்கள் பின்னாலே. சேலையும் தாலியுமாகப் பெரியவள் நின்ற கோலத்தைப் பார்த்தா. சேலையைக் கொஞ்சம் விலக்கினா. உள்ளே கன்னங்கரேலென்று, குலை குலையாகப் பழம்.

"உதென்ன இது?"

"பழம் தங்கச்சி. இந்த முறைதான் இவள் இவ்வளவு காய்ச்சிருக்கிறாள்" என்றார் அருந்தவன், பெருமையை அடக்கமுடியாமல்.

"தாலி கட்டி மூண்டு கிழமைதானே? மூண்டு கிழமையில காயாகிப் பழமாகினதோ?"

"சீ, தாலி கட்டேக்கையே காய் கறுக்கத் தொடங்கீட்டுதே."

புஷ்பவல்லி நெஞ்சில் கையை வைத்தா. "ஐயோ கடவுளே! மாசமாயிருந்தவளுக்கோ தாலி கட்டினீங்கள்?"

பிரதீஸ் வானத்தைப் பார்த்தான். பிரவீணா உதட்டைக் கடித்துக்கொண்டு காலணியைப் பார்த்தாள், தோள் மட்டும் குலுங்கியது. அருந்தவனுக்கோ கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பெரியவளின் நடத்தையைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கிறதா? அந்தக் கோபத்தில்தான் மனுசன் சொல்லக்கூடாததைச் சொன்னார்.

"வெட்டு வெட்டெண்டு நிக்கிறீங்கள்! இவளை வெட்டிப்போட்டா இவள் முடிஞ்சாளெண்டு நினைக்கிறீங்களோ? அங்க பாருங்கோ, இந்தப் பதினொரு ஏக்கரும் இவளின்ர தடியில முளைச்சது. ஒரே ரத்தம், ஒரே உடம்பு. இந்தத் தோட்டம் முழுக்க இவள்தான்!"

சொல்லி முடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். புஷ்பவல்லி மெதுவாகத் திரும்பி, மேட்டுக்கு மேலே மேடாக ஏறிப்போகிற வரிசைகளைக் கண்ணால் அளந்தா.

"அப்ப எல்லாத்தையும் வெட்டவேணும்" என்றா.

அருந்தவனுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. ஐயருக்குப் போன் போட்டார்கள், சத்தம் எல்லோருக்கும் கேட்கவிட்டார்கள். ஐயர் ஏதோ வீட்டில் ஓமம் வளர்க்கிற நேரம், இருமிக்கொண்டே கேட்டார். "வாழையெண்டாக் குட்டியளையும் சேர்த்துத்தான் கிளப்பிறது. ஒரே உடம்பெண்டு நீங்களே சொல்லுறியள்... கொஞ்சம் சிக்கல்தான்." அதோடு போன் நின்றுவிட்டது. அருந்தவன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பதினொரு ஏக்கர்! மருந்தடிக்காமல் நோயிலிருந்து காப்பாற்றி, வலை போட்டுக் குருவியிலிருந்து காப்பாற்றி, கடைசியில் தன் வாயிலிருந்து காப்பாற்றத் தெரியவில்லையே. பிரதீஸ் வந்து தகப்பனின் தோளைப் பிடித்தான். "அப்பா, வேண்டாம். இவ்வளவையும் அழிச்சு எனக்கொரு கல்யாணம் வேண்டாம்" என்றான்.

அப்போதுதான் பிரவீணா வாயைத் திறந்தாள்.

"அம்மா, ஒரே உடம்பெண்டா ஒரே ஆளோ?"

"பின்னே?"

"அப்ப நானும் பிரியந்தினியும்?"

புஷ்பவல்லி மகளைப் பார்த்தா.

"நாங்களும் ஒண்டா இருந்து பிரிஞ்சதுதானே? டி.என்.ஏ. எல்லாம் சேம். உங்கட கணக்குப்படி அவள் கழுத்தில தாலி ஏறின அண்டைக்கே எனக்கும் ஏறீட்டுது. ரொறன்ரோவில இருக்கிற அத்தான் எனக்கும் புருசன். அப்ப இஞ்ச என்னத்துக்கு வந்தனாங்கள்? வாங்கோ, போவம்."

"சீச்சீ, வாயைக் கழுவடி!" என்று புஷ்பவல்லி காதைப் பொத்தினா. ஆனால் பிரவீணா விடவில்லை. "மற்றக் கொடியள் இவவின்ர சகோதரங்கள். எனக்கு அக்கா முறை. நிண்டிட்டுப் போகட்டும். நான் பல்லுப் பிடுங்கிற ஆள் அம்மா, ஒண்டு பழுதெண்டா வாயில இருக்கிற எல்லாத்தையும் பிடுங்கிறதில்லை." புஷ்பவல்லி பெரியவளைப் பார்த்தா, வரிசைகளைப் பார்த்தா. ரொறன்ரோ மருமகனை நினைத்திருப்பா போல, முகம் ஒருமாதிரிப் போனது. "சரி, அப்ப இந்த ஒண்டு" என்றா.

பதினொரு ஏக்கர் தப்பியது. அருந்தவன் எழும்பினார். பிள்ளையைப் பார்த்தார், பிள்ளை பிரவீணாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் கண்டதேயில்லை. இனிச் சாக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்த கைவாளை எடுத்துவந்தார். ஆனாலும் ஒரு கேள்வி மூன்று கிழமையாக நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்ததே. கல்யாணியின் பக்கம் திரும்பினார்.

"நான் கடைசி வரிசையை எல்லே காட்டினனான்? ஆர் ஐயரை இஞ்ச கொண்டுவந்தது?"

"நான்தான்" என்றா கல்யாணி.

"பிழைபட்டிட்டுதோ?"

"இல்லை. தெரிஞ்சுதான் கொண்டுவந்தனான்." கல்யாணி சத்தம் போடவில்லை. சம்பந்தி நிற்கிறா, மருமகள் நிற்கிறாள் என்றும் பார்க்கவில்லை. "இருபத்திரண்டு வருசம் குசினி யன்னலால பார்த்துக்கொண்டு நிக்கிறன். விடிஞ்சா உங்கட கை முதல் படுறது அவளிலதான். எனக்குக் காய்ச்சலெண்டு கிடந்த அண்டும் அவளைத்தான் தொட்டுப் பார்த்திட்டு வந்தனீங்கள். சுடுதோ எண்டு ஒருநாள் என்ர நெத்தியில கை வைச்சனீங்களோ? மகனுக்கு ஒரு முதலாந்தாரம் தேடினம், இல்லையே? இந்த வீட்டில முதலாந்தாரம் ஆரெண்டு எனக்குத் தெரியும். இரண்டாந்தாரம் ஆரெண்டும் தெரியும். அதுதான் ஐயருக்குக் காட்டினனான்."

அருந்தவனுக்கு மறுக்க ஒன்றும் இருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"முதல்ல பழத்தை ஆய்வம் அங்கிள்" என்றாள் பிரவீணா மெதுவாக. கத்தரியை எடுத்து அவளும் பிரதீசும் ஒரு பக்கம், அருந்தவன் மறுபக்கம் நின்று குலைகளை ஒவ்வொன்றாக வெட்டி வாளியில் போட்டார்கள். கல்யாணி சேலையை அவிழ்த்து மடித்தா. பிரதீஸ் கைவாளுக்குக் கை நீட்டியபோது அருந்தவன் கொடுக்கவில்லை. "நீ தொடாதை. நான் வெட்டுறன்" என்றார். கிழட்டுக் கட்டை, வாள் இலேசில் இறங்கவில்லை. நடுவில் இரண்டு தரம் நின்று, அடித்தண்டில் கையை வைத்துவிட்டு, பிறகும் அறுத்தார். கடைசியில் பெரியவள் ஒரு சின்ன முறிகிற சத்தத்தோடு, தாலியும் தானுமாகப் புல்லில் சாய்ந்தாள்.

புஷ்பவல்லிக்குச் சடங்கு நினைவுக்கு வந்தது. "மாப்பிள்ளை தலையில தண்ணி வார்க்கவேணும். பெண்சாதி போனா முழுகித்தான் வீட்டுக்க போறது" என்றா. பிரதீஸ் சுடுதண்ணிக் குளியலறையை நோக்கி நடந்தான்.

அருந்தவன் கைவாளைக் கீழே போட்டார். தண்ணித் தாங்கியடிக்குப் போய்க் குழாயைத் திறந்து, றபர்க் குழாயைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். சேட்டும் சப்பாத்துமாகத்தான். வெயிலில் கிடந்த குழாய், முதலில் கொதிதண்ணி வந்தது. பிறகு குளிர்ந்த தண்ணி. அவர் அசையவில்லை.

"அண்ணை, அண்ணை! நீங்களில்லை, மாப்பிள்ளைதான் முழுகவேணும்" என்று புஷ்பவல்லி பதறினா.

"விடுங்கோ சம்பந்தி" என்றா கல்யாணி. "முழுகவேண்டியவர்தான் முழுகுறார்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு துவாயோடு வந்து, குழாயைப் பூட்டி, அந்த ஈரத் தலையைத் தானே துடைத்துவிட்டா. துடைக்கும்போது ஒரு திட்டும் திட்டவில்லை.

அடுத்த நாள் காலை அருந்தவன் வழமைபோல முழித்து, செருப்பைப் போட்டு, கதவுப் படிவரைக்கும் போனார். அங்கே நின்றார். வேலியடியில் வெறுமையாகக் கிடந்தது. திரும்பி வந்து குசினிக் கதிரையில் குந்தினார். கல்யாணி தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே இருந்தா. கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மேசையில் வைத்தார், மடியில் வைத்தார். பிறகு நீட்டி, கல்யாணியின் நெற்றியில் வைத்தார்.

"காய்ச்சலொண்டும் இல்லை" என்றா கல்யாணி.

"தெரியும்" என்றார் அவர், கையை எடுக்காமல்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவ எழும்பவில்லை.